கேஸை மூடியது நான்தான்

தம்பி,

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து நீ தொலைபேசி எடுத்தபோது என்னை ஒரு வசனம் முழுதாகப் பேச விடவில்லை. "அம்மா, அது என்ர வீடு. ஆரைக் கேட்டுக் கேஸை மூடினீங்கள்?" என்றாய். நான் தொடங்க முன்பே, "கலியாணம் முடிய ஹீற்றரை மாத்துவம் எண்டுதானே இருந்தனான். அப்பாவிட்டைக் குடுங்கோ" என்றாய். அப்பா வாங்கவில்லை. கையை ஆட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். கடிதத்தை யாரும் இடையில் வெட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன். கோபம் வந்தால் இரண்டு நாள் விட்டு வாசி. ஆனால் முழுதாக வாசி.

கேஸை மூடியது நான்தான். இங்கே லண்டன் குட்மேய்ஸில் நீ வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் கேஸ் மீற்றர் பெட்டியைத் திறந்து, பிடியைத் திருப்பி, "ஒருவரும் திறக்கக் கூடாது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியதும் நான்தான். உன் கலியாண வேலைகளுக்காக நீ ரொறன்ரோவுக்குப் போகும்போது, இடைக்கிடை எட்டிப் பார்க்கச் சொல்லி வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தாய். எட்டிப் பார்த்தேன். கண்ணால் கண்டதைக் காணாதவள்போல வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்க எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை இங்கே வருகிற தமிழ்ச் சஞ்சிகைக்கும் அனுப்புகிறேன். உன் பெயரும் இருக்காது, என் பெயரும் இருக்காது. குடும்ப விஷயத்தைச் சந்திக்குக் கொண்டுவரலாமா என்று நீ கேட்பாய். ஐந்து பேர் வாடகை தந்து படுத்தெழும்புகிற வீட்டின் சுடுதண்ணீர் ஹீற்றர் குடும்ப விஷயம் இல்லை.

செவ்வாயன்று நான் கண்டதைச் சொல்வதற்கு முன், உனக்குச் சொன்ன ஒரு பொய்யை நான் திருத்த வேண்டும். நாங்கள் லண்டனுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், வட லண்டன் எட்மண்டனில் ஒரு வீட்டு மேல்மாடியில் இருந்தபோது, அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று உனக்குச் சொன்னோம். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா வழுக்கவில்லை.

அந்த வீட்டுக்காரரை உனக்கு நன்றாகத் தெரியும். நீ பெரியப்பா என்று கூப்பிடுகிறவர். வீடு வாங்கி வாடகைக்கு விடுகிற தொழிலை உனக்குச் சொல்லித் தந்தவர். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். நாங்கள் மூன்று பேரும் இரண்டு பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றபோது தன் காரில் வந்து ஏற்றியவர் அவர். அப்பாவுக்குப் பெற்றோல் ஷெட்டில் வேலை எடுத்துத் தந்தவர் அவர். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னோடு வந்து, எனக்குப் பதிலாகப் பேசியவரும் அவர்தான். அந்த நன்றி எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

எட்மண்டன் வீட்டின் குளியலறைச் சுவரில் ஒரு பழைய கேஸ் ஹீற்றர் இருந்தது. குழாயைத் திறந்தால் உள்ளே சுவாலை குப்பென்று பிடிக்கும். அதன் புகைக்குழாய் மேலே போய்க் கூரைக்கு வெளியே திறக்க வேண்டும். அந்த ஆண்டு மழைக்கு முன் வீட்டுக்காரர் ஓடு மாற்றினார். ஓடு போட்டவர்கள் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாய்த் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த ஓட்டையையும் மூடி ஓடு போட்டுவிட்டார்கள். குழாய் கூரைக்குள்ளேயே முடிந்தது. இது எங்களுக்குத் தெரியாது. மார்கழி பிறந்ததும் எனக்குத் தலையிடி தொடங்கியது. அப்பாவுக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருமாப்போல் இருந்தது. டொக்டர் குளிர்க் காய்ச்சல் என்றார். வெளியே கடைக்குப் போனால் தலையிடி விட்டுவிடும். வீட்டுக்கு வந்தால் திரும்பவும் பிடிக்கும். வெளிக்காற்று உடம்புக்கு நல்லது என்று நினைத்தேனே தவிர, வீட்டுக் காற்றில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டியவள் நான். யாழ்ப்பாணத்தில் பத்து வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவள். காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு நிறமற்றது, மணமற்றது, குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், முகத்தைச் சிவக்கவைக்கும் என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். அப்படிப் படிப்பித்த நானே அந்தக் குளியலறையில் ஒரு காரியம் செய்தேன். வெளிச்சுவரில் ஒரு செங்கல் அளவில் காற்றுத் துவாரம் இருந்தது. அதால் ஊதுகிற குளிரில் நீ குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருவாய். ஒருநாள் பழைய பேப்பரைச் சுருட்டி அந்தத் துவாரத்துக்குள் அடைத்து, மேலே அகலமான ஒட்டுநாடா ஒட்டினேன். குளிர் நின்றது. என் கெட்டித்தனத்தை அப்பாவுக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். போகிற வழியை ஓட்டுக்காரர்கள் மூடினார்கள். வருகிற வழியை நான் மூடினேன்.

தை மாதத்தில் ஒருநாள் காலை அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வந்தார். நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். அவர் குளிக்கப் போனார். நான் கீழே பொதுக் குசினியில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. பருப்பு வெந்து, தாளித்து, இறக்கியும் ஆயிற்று. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே போய்க் கதவைத் தட்டினேன். கூப்பிட்டேன். பிறகு தோளால் இடித்தேன். அந்தக் கொண்டியைப் பிடித்திருந்தவை இரண்டு சிறிய ஆணிகள்தான். அவை கழன்றதால் அப்பா இன்றைக்கு இருக்கிறார். தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் சரிந்து கிடந்தார். முகம் வெளிறவில்லை தம்பி, சிவந்திருந்தது. நல்ல சுகதேகிபோல் இருந்தது. அதைக் கண்டபிறகுதான் கரும்பலகையில் எழுதியதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு கக்கத்தாலும் பிடித்து இழுத்துப் படிக்கட்டுத் தலைப்பில் போட்டு, யன்னலை உடைத்தேன். ஓம், உடைத்தேன், அது வர்ணம் பூசி இறுகிப் போயிருந்தது. அம்புலன்ஸ் வந்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவர் எழும்பி என் பெயரைச் சொன்னபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அப்பா திறப்பை வைத்த இடத்தை மறப்பதையும், சொல்ல வந்த சொல்லுக்காகப் பாதியில் நிற்பதையும் நீ பகிடி பண்ணுவாய். "அப்பா, இன்ஜின் சூடாகட்டும்" என்பாய். அவரும் சிரிப்பார். அது அந்தக் காலையால் வந்தது என்று டொக்டர்கள் சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. ஆனால் அதற்கு முன் உன் அப்பா ஒரு சொல்லுக்காக நின்றதை நான் பார்த்ததில்லை. இது உனக்குத் தெரியாமல் விட்டது எங்கள் பிழை. நீ பயப்படக்கூடாது, பெரியப்பா என்று மதிக்கிற ஆளை வெறுக்கக்கூடாது என்று அப்பா கேட்டுக்கொண்டார். நான் சம்மதித்தேன். அதற்கு விலை, நீ அவரிடமே போய்த் தொழில் படித்தது.

கேஸ் அவசர சேவை ஆள் அன்றைக்கே வந்து ஹீற்றரை நிறுத்தி, பாவிக்கக்கூடாது என்று ஒரு சீட்டும் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்க, வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஒருவரோடு வந்தார். அந்த ஆள் சீட்டை அறுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹீற்றரைப் பற்றவைத்தார். "இனிப் பயமில்லை தங்கச்சி. குளிக்கேக்க யன்னலைத் திறந்து வைச்சுக் குளியுங்கோ" என்றார் வீட்டுக்காரர். புகைக்குழாய்க்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அது வெயில் வரப் பாப்பம். இப்ப கூரையிலை ஏறேலாது" என்றார். குழாயில் பிழை இருப்பது அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிறகு பார்ப்போம் என்று விட்டிருக்கிறார்.

அன்று பின்னேரம் நான் நகரசபைக் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் ஆங்கிலத்தில் எழுதினேன், பிழைகளோடு எழுதினேன். ஹீற்றர், குழாய், அறுத்த சீட்டு எல்லாம் எழுதினேன். கடைசியில், காற்றுத் துவாரத்தை அடைத்தது நான் என்றும் எழுதினேன். தபாலில் போட்டபிறகுதான் அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா ஆஸ்பத்திரியால் வந்த மூன்றாம் நாள், கவுன்சிலால் விஷயம் தெரிந்து வீட்டுக்காரர் இரண்டு பெரிய மனிதர்களோடு வந்தார். எங்கள் ஒற்றை அறையில் கட்டிலில் இரண்டு பேர், கதிரையில் ஒருவர். அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். நான் வாசலில் நின்றேன்.

"தங்கச்சி, எயார்போர்ட்டிலை வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது ஆர்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"நீங்கள்தான் அண்ணை."

"இவருக்கு வேலை எடுத்துத் தந்தது?"

"நீங்கள்தான்."

"அப்ப என்னெண்டு எனக்கு எதிரா வெள்ளைக்காரனுக்கு எழுத உங்களுக்கு மனம் வந்தது?"

"இவர் செத்திருந்தாலும் நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு எல்லாம் செய்திருப்பியள். எனக்கு அது தெரியும் அண்ணை. அந்த உதவி எனக்குத் தேவைப்படக் கூடாது எண்டுதான் எழுதினனான்."

கதிரையில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "காத்துப் போற ஓட்டையை நீங்களே அடைச்சுப்போட்டு மற்றவையிலை பழியைப் போடுறியள் எண்டெல்லோ கதை" என்றார்.

"ஓம், நான்தான் அடைச்சனான். அதையும் எழுதித்தான் அனுப்பினனான். என்ர பிழையை நான் ஒளிக்கேல்லை. அண்ணை தன்ர பிழையை ஒளிக்காமல் விட்டால் போதும்."

அப்பா என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். "எங்கடை அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரேல்லை. இந்த நேரத்திலை கவுன்சில், கடிதம் எண்டு பேர் அடிபட்டால் என்ன நடக்கும்? வாபஸ் வாங்கும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார். உயிர் தப்பி ஒரு கிழமை ஆகாத மனிதன் என்னைக் கும்பிடுகிறார். அந்த இடத்தில் நான் அசைந்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தன் உயிரைவிடத் தாள் பெரிதாகிப் போனதைக் கண்டு எனக்குக் கோபம்தான் வந்தது. "திருப்பி அனுப்பினாலும் மூண்டு பேரும் உயிரோடை போவம்" என்று சொன்னேன். வாபஸ் வாங்கவில்லை.

கவுன்சிலில் இருந்து வந்தவர் வெள்ளைக்காரன் அல்ல. மிஸிஸ் கேம்பல் என்ற, ஜமைக்காவில் பிறந்த, அகன்ற தோளுள்ள பெண். ஏணியை வைத்துக் கூரைக்குள் ஏறினார். சற்றுநேரத்தில் என்னையும் மேலே வரச் சொன்னார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். டோர்ச் வெளிச்சத்தில் புகைக்குழாயின் வாயைக் காட்டினார். ஓட்டுக்குக் கீழே ஒரு முழத்தில் திறந்தபடி நின்றது. மேலே இருந்த மரம் அடுப்புக்கரிபோல் கறுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அந்தத் தூசிக்குள் இருவரும் குந்தியிருந்தோம். இறங்கி வந்தபிறகு, துவாரத்தை அடைத்ததை நீங்களே ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். உண்மை என்பதால் எழுதினேன் என்றேன்.

வீட்டுக்காரருக்குக் கட்டளை போயிற்று. குழாய் திருத்தப்பட்டது. எங்கள் விண்ணப்பத்துக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வசந்தம் வர வீட்டுக்காரர் எங்களை வீட்டை விடச் சொன்னார். அப்பாவுக்கு ஷிப்ட் குறைந்தது. கோயிலில் என் பக்கத்தில் இருந்த பெண்கள் எழும்பி இடம் மாறி இருந்தார்கள். உன் வகுப்புப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று நீ கேட்டாய், அவர்கள் வீடு சின்னது என்று சொன்னேன். குட்மேய்ஸுக்கு வந்து, தெரியாத ஒருவரின் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்தோம். இவ்வளவும் நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் எழுதியிருப்பாயா என்று அப்பா ஒருமுறை கேட்டார். இன்னும் வடிவான ஆங்கிலத்தில் எழுதியிருப்பேன் என்றேன்.

அடுத்த வருஷம் மிஸிஸ் கேம்பல் என்னைத் தேடிப்பிடித்தார். வீடு சோதிக்கப் போனால் எங்கள் சனம் கதவைத் திறக்கப் பயப்படுகிறது, திறந்தாலும் எல்லாவற்றுக்கும் நல்லது நல்லது என்கிறது, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. முழங்கால் விடும்வரை அவரோடு ஏறி இறங்கினேன். நீ அதை "அம்மாவின் டோர்ச் வேலை" என்பாய். அந்த வேலையில் நான் கண்டவற்றை நீ ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேள்.

சவுத்தாலில் ஒரு வீட்டில் சுடுதண்ணீர்ச் சிலிண்டரின் பாதுகாப்புக் குழாயால் தண்ணீர் சொட்டுகிறது என்று வாய்க்கு மரக்கட்டை இறுக்கி வைத்திருந்தார்கள். அழுத்தம் கூடினால் வெளியேற இருக்கிற ஒரே வழி அதுதான். அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்துச் சுவரோடு பிள்ளைகளின் கட்டில். இன்னொரு வீட்டில் மின்சாரத்தால் சூடாக்கும் கம்பியை மேசை விளக்குக்குப் போடுகிற மெல்லிய வயரில் கொடுத்திருந்தார்கள். வயர் உருகி அலுமாரித் துணியில் ஒட்டியிருந்தது. சூட்டை நிறுத்துகிற கருவி பழுதானதால் தண்ணீர் கொதித்துக் கூரைத் தொட்டிக்கு ஏறி, பிளாஸ்டிக் தொட்டி இளகித் தொங்கிய வீட்டையும் பார்த்தேன். அதன் நேர் கீழே ஒரு கிழவர் படுத்திருந்தார், மேலே என்ன தொங்குகிறது என்று தெரியாமல். புகை வெளியே போகும் வாயைப் பக்கத்து அறை யன்னலுக்கு நேர் கீழே வைத்த வீடுகளுக்குக் கணக்கே இல்லை. அநேகமான வீடுகளில் யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. ஒருவர் அவசரப்பட்டார், ஒருவர் தெரிந்த ஆளைப் பிடித்தார், ஒருவர் பிறகு பார்ப்போம் என்றார், குடியிருந்தவர் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நான் அந்த ஆட்களிடம் சொன்ன முதல் வசனம், நானும் ஒரு ஓட்டையை அடைத்தவள் என்பதுதான். அதைச் சொன்ன பிறகுதான் அவர்கள் உண்மை பேசினார்கள்.

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உன் வீட்டுக் கதவைத் திறந்தவள் வதனி. பின்னறையில் புருஷனோடும் கைப்பிள்ளையோடும் இருப்பவள். வன்னியிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. முகம் வீங்கியிருந்தது. அழுதாளோ என்று நினைத்தேன்.

"இல்லை அன்ரி, தலையிடி. இந்தக் குளிர் எனக்கு ஒத்துவரேல்லை" என்றாள்.

"வெளியிலை போனால் விடுதோ?"

"ஓம், பிள்ளையைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனால் விட்டிடும். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பிள்ளை எங்கே என்று கேட்டேன். "படுத்திருக்கிறான். நல்ல பிள்ளை அன்ரி, அழுறதே இல்லை. எந்த நேரமும் நித்திரைதான்" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள் தம்பி. தாய் பெருமைப்படுகிறாள்.

அந்தப் பின்னறை முன்பு குசினியின் பாதி. நீ நடுவில் சுவர் வைத்து இன்னொரு அறை எடுத்திருக்கிறாய். குசினியில் இருந்த ஹீற்றர் இப்போது அந்த அறைக்குள் வந்துவிட்டது. அதை மறைக்கப் பலகையால் ஒரு அலுமாரி அடித்திருக்கிறாய். காற்றுப் போக ஒரு துளைகூட இல்லை. அலுமாரிக்கும் தொட்டிலுக்கும் நடுவில் என் இரண்டு கை அகலம் இருக்கும். அலுமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வதனியைத் தண்ணீர்க் குழாயைத் திறக்கச் சொன்னேன். சுவாலை நீலமாக எரியவில்லை. மஞ்சளாக, சோம்பலாக அசைந்தது. பலகையின் உட்பக்கம் கறுத்திருந்தது. ஹீற்றர் ஒன்று ஆட்கள் நித்திரை கொள்கிற அறையில் அப்படி இருக்கக் கூடாது என்று உனக்குச் சொல்ல ஒரு பதிவு பெற்ற ஆள் போதும். நீ கூப்பிட்டது சிநேகிதனின் சிநேகிதனை.

பிள்ளையைத் தூக்கி வெளியே கொண்டுவந்தேன். கேஸை மூடினேன். வீட்டில் இருந்த எல்லாரையும் தெருவுக்கு இறக்கி, வதனியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, நாங்கள் குறை சொன்னம் எண்டு அண்ணை எங்களை எழுப்பிப்போடுவாரோ?" என்று கேட்டாள். மூச்சுத் திணறுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உன்னை நினைத்துப் பயந்தாள். என் மகனை நினைத்துப் பயந்தாள். அந்த நேரம் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை நீ சுமக்க வேண்டாம், நான் சுமக்கிறேன். ஆனால் அப்படி ஒன்று இருந்தது என்று நீ தெரிந்திருக்க வேண்டும்.

இருவரின் குருதியிலும் அது இருந்தது. பிள்ளைக்கு ஒட்சிசன் கொடுத்து ஒரு இரவு வைத்திருந்தார்கள். காலையில் விட்டார்கள். இனிப் பயமில்லை என்றார்கள். இப்போது மூன்று பேரும் எங்கள் வீட்டில், உன் அறையில், உன் கட்டிலில் படுக்கிறார்கள். பிள்ளை விடிய ஐந்து மணிக்கு எழும்பித் தெருவுக்கே கேட்க அழுகிறான். அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கனகாலம் கேட்கவில்லை. உன் வீட்டு முன்னறையில் இருக்கிற மற்ற இரண்டு பொடியன்களும் பின்னேரம் எங்கள் வீட்டில் வந்துதான் குளிக்கிறார்கள். அப்பா துடைக்கத் துவாயோடு வரிசை பார்க்கிறார்.

தொலைபேசியில் நீ இன்னொன்றும் சொன்னாய். "அவையளுக்கு வேற ஆர் அறை குடுப்பினம்?" என்றாய். நீ அறை கொடுத்தது நல்ல காரியம். வந்த சனத்துக்குக் கதவைத் திறக்கிறவனை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்களுக்கும் ஒருவர் திறந்தார். ஆனால் கதவைத் திறந்தவர் உள்ளே இருக்கிற காற்றுக்கும் பொறுப்பு. உதவி செய்தேன் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க முடியாது. சனம் உன்னைக் கும்பிடுகிறது என்றால் இன்னும் கவனமாக இரு. கும்பிடுகிறவர்கள் உன்னிடம் உண்மை சொல்ல மாட்டார்கள்.

நேற்று கவுன்சிலுக்கு எழுதிவிட்டேன். உன் வீட்டு விலாசம், உன் பெயர், அலுமாரி, தொட்டில், மஞ்சள் சுவாலை எல்லாம் இருக்கிறது. பெற்ற மகனுக்கு எதிராக எழுதுகிறாள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வேறு ஒருவரின் மகன் என்றால் எழுதியிருப்பேன். என் மகன் என்றால் விட வேண்டுமாம், இது என்ன நியாயம்? எழுதி முடித்து மேசையில் வைத்திருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். பேனையைக் கேட்டார்.

"என்னத்துக்கு?" என்றேன்.

"நானும் வைக்கிறன்" என்றார். என் கையெழுத்துக்குக் கீழே, தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தானே கொண்டுபோய்த் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். வந்து, உனக்கு எழுதும்போது ஒன்று சொல்லச் சொன்னார். சொல்லுக்காகக் கொஞ்சம் நின்றார். நான் உதவவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். "பிழை விட்டவன் எண்டதுக்காக அவன் எங்கடை பிள்ளை இல்லாமப் போகேல்லை எண்டு எழுதும்" என்றார்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த நடுச்சுவரை இடி. ஹீற்றரைக் கழற்றி, புகை நேரே வெளியே போகிற வகையில் ஒன்றைப் பதிவு பெற்ற ஆளைக் கொண்டு பொருத்து. அவர் தருகிற தாளை வாடகைக்கு இருப்பவர்கள் வாசிக்கக் கூடிய இடத்தில் ஒட்டு. கவுன்சில் ஆள் கேட்டால், தெரியாது என்று சொல்லாதே. தெரியும், தள்ளிப்போட்டேன் என்று சொல்லு. நாக்குக் கூசும், ஆனால் ஒருமுறைதான் கூசும். வதனிக்குக் கடிதம் எழுது, உன் கையால், தமிழில். மருமகளாக வரப்போகிற பிள்ளைக்கும் இதை முழுதாகச் சொல்லு. புருஷனின் பிழையைப் பிறர் வாயால் கேட்கிற பெண் ஒருநாளும் நிம்மதியாக நித்திரை கொள்ள மாட்டாள். எங்களைப்போல் வழுக்கி விழுந்த கதை சொல்லி உங்கள் வாழ்க்கையைத் தொடங்காதீர்கள்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்னதாக நாங்கள் வருகிறோம். விமான ரிக்கெற் எடுத்தாயிற்று, கூறைச் சேலையும் என் பெட்டியில்தான் இருக்கிறது. என்மேல் கோபம் ஆறாவிட்டால் விமான நிலையத்துக்கு நீ வரவேண்டாம். ரொறன்ரோவில் பஸ் எங்கே பிடிப்பது, எங்கே இறங்குவது என்று எனக்குத் தெரியாது. லண்டனுக்கு வந்தபோதும் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுக் கேட்டு வந்து சேருவோம்.

அம்மா